‘நார்மல்தான் மேடம்’: கழுத்தில் பிளேட் வைத்தவர் வீட்டில் இருந்தால் படியுங்கள்

அண்ணனின் கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு நடந்ததற்காக வழக்குப் போட்டிருக்கிறோம், அதனால் மருத்துவமனை பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல முடியாது, மன்னிக்கவும். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை என்பதோடு விடுகிறேன்.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். வருடக்கணக்காகக் குனிந்து நின்று பார்த்த வேலை. வலது கை விரல்கள் மரத்துப்போய்க் கத்தரி கையில் நிற்காத நிலை வந்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கழுத்தெலும்பில் 5க்கும் 6க்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் தேவைதான், அதில் எங்களுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கழுத்தின் முன்பக்கம் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கெட்ட ஜவ்வை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு கூண்டு வைத்து, மேலே டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இரண்டு எலும்பையும் ஒட்ட விடுவார்கள். விரல் மரப்பு உடனே குறைந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கோளாறு டிஸ்சார்ஜுக்குப் பிறகு. கொடுத்த பேப்பரில் மாத்திரைப் பட்டியல், தையல் பிரிக்கும் தேதி, ‘24 மணி நேரமும் அழைக்கலாம்’ என்று ஒரு மொபைல் நம்பர். என்ன வந்தால் பயப்பட வேண்டும், எதற்கு ஓடி வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த நம்பரை எடுப்பவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அட்மிஷனின்போது எங்களிடம் பேக்கேஜ் பேசிய அதே கோ-ஆர்டினேட்டர் பெண்தான். ஆபரேஷன் செய்த டாக்டரோ வெளியிலிருந்து வந்துபோகிறவர்.

விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரல் கம்மும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது சரிதான், குழாய்களை ஒதுக்கிப் பிடித்ததால் வருவது, பெரும்பாலோருக்கு வரும். ஆனால் நாளாக நாளாகக் குறைய வேண்டும். அண்ணனுக்கும் முதலில் குறைந்தது, இட்லியைக் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பிறகு திரும்பியது, முன்பைவிட மோசமாக. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டிருந்தார். காய்ச்சல் வேறு. கழுத்து அசையாமல் இருக்க மாட்டியிருந்த காலர் இறுக்குகிறது என்றார். கழற்றிப் பார்த்தால் தையலை ஒட்டி வீக்கம், தொட்டால் சுட்டது.

அண்ணி போன் செய்தார். “ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும், நார்மல்தான் மேடம். பாராசிட்டமால் போடுங்க, ஐஸ்கிரீம் குடுங்க” என்று பதில். மறுநாள் தையல் ஓரத்தில் நீர் கசிந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. “சார் வியாழக்கிழமைதான் ஓ.பி. வருவார், டோக்கன் போடட்டுமா?”

வியாழன் வரை காத்திருக்காமல் காரில் போட்டுக்கொண்டு நேரே அங்கே போனோம். எமர்ஜென்சி வாசலிலேயே, “இது புது அட்மிஷன், பேக்கேஜில் வராது, அட்வான்ஸ் கட்டுங்க” என்றார்கள். கட்டும்வரை ஸ்கேன் கிடையாது. டியூட்டி டாக்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். எச்சில் விழுங்காத ஆளுக்கு மாத்திரை!

அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படுக்கப் பாய் நாங்கள்தான் கொண்டுபோனோம், கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் வந்த டாக்டர்கள் ஒவ்வொருவரும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சி.டி. எடுத்தார்கள். உணவுக்குழாயில் சின்ன ஓட்டை, அதன் பின்னால் பிளேட்டை ஒட்டிச் சீழ். திறந்து சீழை வடித்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் மூக்கு வழியே டியூப் போட்டு வாரக்கணக்கில் கஞ்சியும் பாலும். இது அரிதாக வருகிற சிக்கல், கைதேர்ந்தவர் செய்தாலும் வரலாம் என்று அங்கிருந்த டாக்டர் நியாயமாகவே சொன்னார். ஆனால் தாமதமானால் சீழ் நெஞ்சுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்து என்றும் அவர்தான் சொன்னார். அதனால் ஓட்டை விழுந்ததற்கு நாங்கள் வழக்குப் போடவில்லை. ‘நார்மல்தான்’ என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியதற்குப் போட்டிருக்கிறோம்.

அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னதில் நினைவிருப்பதை எழுதுகிறேன். கழுத்து திடீரென வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஆபரேஷன் ஆன முதல் ஓரிரு நாளில்தான் இது பெரும்பாலும் வரும், நிமிடக் கணக்கு. மருத்துவமனைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். குறைந்துவந்த விழுங்கும் வலி மறுபடி கூடுவது, காய்ச்சல், தையலில் கசிவு, கழுத்துத் தோலை அழுத்தினால் நொறுநொறுவென்று காற்று இருப்பது போல் உணர்வது, இவை அன்றைக்கே பார்க்க வேண்டியவை. சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, நடையில் தள்ளாட்டம், காலில் செருப்பு நிற்காமல் கழல்வது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இதெல்லாம் தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். இதற்கும் காத்திருக்கக் கூடாது. தோளுக்கு மேல் கை தூக்க வராமல் போவது சிலருக்கு ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்தும் வரும், பல பேருக்கு மெல்லச் சரியாகிவிடும். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், போன் எடுக்கிறவர் இல்லை.

பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும். இதையும் எங்களுக்குச் சொன்னது இரண்டாவது மருத்துவமனைதான்.

இனி கேஸ் ஷீட் கதை. ஆபரேஷன் குறிப்பைக் கேட்டால் “எம்.டி. ஊரில் இல்லை” என்றார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். இதை எழுத்தில் குறிப்பிட்டு மனு கொடுத்தபின்தான் கைக்கு வந்தது. அதில் ‘டிஸ்சார்ஜுக்குப் பின் நோயாளி தரப்பு தொடர்புகொள்ளவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் கால் லிஸ்ட் இருக்கிறது, நீல டிக் விழுந்த போட்டோவும் இருக்கிறது. பில்லில் ‘இம்போர்ட்டட்’ என்று போட்ட பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் கம்பெனி ஸ்டிக்கர் ஃபைலில் எங்குமே இல்லை. எந்த கம்பெனி, எந்த பேட்ச் என்று அதில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டி எடுத்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆவணம் கேட்டு மருத்துவமனையில் மனு கொடுக்கும்போது நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மாட்டோம் என்றால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்கும் சீல் போடவில்லை, தபால் ரசீதைத்தான் ஆணையத்தில் கொடுத்திருக்கிறோம்.