குளிர்நாட்டில் எலுமிச்சை: வெர்சாய் வழியா, கார்தா வழியா?

குளிர் வந்தால் மரத்தை வீட்டுக்குள் கொண்டுபோகலாம், இல்லையென்றால் மரத்தைச் சுற்றி வீடு கட்டலாம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் முதல் வழி. 1684–86இல் கட்டிய ஆரஞ்சுக் கூடம் தெற்கு பார்த்தது, சுவர் கனத்தது. பெட்டியில் வளரும் மரங்கள் அக்டோபரில் உள்ளே போய், மே மாதம் வெளியே வரும். அழகுதான், ஆனால் இழுத்துப் போட ஆள்படை வேண்டும். அரசருக்குச் சரி.

இத்தாலியின் கார்தா ஏரிக்கரையில் எலுமிச்சை மண்ணிலேயே நின்றது. மலைச்சரிவில் படிப்படியாகத் தளம், மூன்று பக்கமும் உயரமான கற்சுவர், ஏரிப்பக்கம் வரிசையாகத் தூண்கள். கோடையில் கூரையே கிடையாது. குளிர்காலம் நெருங்கினால் மேலே பலகை, முன்னால் கண்ணாடிச் சட்டம். கடுங்குளிர் இரவில் உள்ளே நெருப்பும் மூட்டினார்கள். வேர் பெட்டிக்குள் நெருக்கப்படாது. காய் விற்றுப் பிழைக்க நினைப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.