லிண்டிஸ்பார்ன் பப் டூர்: 190 பவுண்டு போயிடுச்சு, யாரும் ஏமாறாதீங்க

வயிறு எரியுது. இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து கடலோரத்து லிண்டிஸ்பார்ன் தீவுக்கு ஒருநாள் பஸ் டூர் விற்கிற ஆன்லைன் தளம் ஒன்று, இரண்டு டிக்கெட்டுக்கு 190 பவுண்டு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. "தீவில் நான்கு மணி நேரம், பழைய பப்பில் நண்டு சாண்ட்விச், தீவிலேயே தயாராகும் தேன்மது" என்று விளம்பரம்.

தீவுக்குப் போகிற காஸ்வே, அதாவது கடல் குறுக்கே போட்ட சாலை, தினம் இரண்டு தடவை கடலுக்கடியில் போய்விடும். கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அப்படியிருக்க, தினமும் ஒரே நேரத்துக்குக் கிளம்புகிற டூர் எல்லா நாளும் எப்படி நடக்கும்? பணம் கட்டுவதற்கு முன்பே சாட்டில் இதைக் கேட்டாயிற்று. "டிரைவர் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை பார்த்துத்தான் ஓட்டுவார், உங்கள் தேதி உறுதி" என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுத்திலேயே உறுதி என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த ஒரு வரிக்குத்தான் 190 பவுண்டு.

பஸ் காஸ்வேக்கு இந்தப்பக்கக் கரையில் இருக்கிற பீல் கிராமத்தைத் தொட்டபோது சாலை மூடப்போகிற நேரம். உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வர முடியும் என்று டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. தண்ணீரில் காரை விட்டுவிட்டு, காஸ்வே ஓரத்தில் கால்கள் மேல் நிற்கிற அடைக்கலக் கூண்டில் ஏறி மீட்புப் படகுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. டிக்கெட் விற்றவர்கள்தான் அயோக்கியர்கள். தீவுக்குப் பதிலாக பாம்பரோ கோட்டையை வெளியிலிருந்து காட்டினார்கள், அவ்வளவுதான்.

ரீஃபண்ட் கேட்டால், "கடல் இயற்கை, எங்கள் பொறுப்பல்ல." கடல் ஏற்றம் என்ன, சொல்லாமல் வருகிற மழையா? காஸ்வேயில் போகப் பாதுகாப்பான நேரங்களை உள்ளூர் நிர்வாகமான கவுண்டி கவுன்சில் வெகு முன்னதாகவே இணையத்தில் போட்டுவிடுகிறது! அதைக் காட்டியதும், "மாற்று இடம் காட்டிவிட்டோமே." சாப்பாட்டுக் காசையாவது கொடுங்கள் என்றால், "பப்பில் கேளுங்கள்." பப்பில் விசாரித்தால் அந்த டூர் பெயரில் புக்கிங்கே கிடையாது. இப்போது சாட்டில் பதிலே வருவதில்லை. 190 பவுண்டு அப்படியே போச்சு.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. கவுன்சில் அட்டவணையைப் பார்த்த பிறகே தேதியை முடிவு பண்ணுங்கள். மூடும் நேரத்தை ஒட்டி காஸ்வேயில் இறங்கவே இறங்காதீர்கள், பலத்த காற்றடித்தால் தண்ணீர் முன்னதாகவே ஏறிவிடும். பப்புக்கு நீங்களே போன் போட்டு அன்று சாப்பாடு எத்தனை மணி வரை என்று கேளுங்கள், அங்கே அதுவும் கடலைப் பொறுத்து மாறும். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் பேங்கில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை பேங்க் மூலம் திரும்பக் கேட்பது) கேளுங்கள்.