ஹோல்ஸ்டனும் நியூ எச்சோட்டாவும்: செரோக்கீ மக்களுடன் இரு ஒப்பந்தங்கள்

1791 ஜூலையில், இன்றைய நாக்ஸ்வில் நகர் அருகே, அமெரிக்க அரசுக்கும் அந்நாட்டின் பூர்வகுடிகளான செரோக்கீ மக்களுக்கும் இடையே கையெழுத்தான ஹோல்ஸ்டன் ஒப்பந்தம், செரோக்கீ மக்கள் விட்டுக்கொடுக்காத நிலம் முழுவதும் அவர்களுக்கே உரியது என உறுதியளித்ததோடு, அவர்கள் வேட்டையை விட்டு மேய்ச்சலுக்கும் உழவுக்கும் மாறும்பொருட்டு வேளாண் கருவிகளை இலவசமாகத் தரவும் ஒப்புக்கொண்டது. அது பெருந்தன்மை மட்டுமன்று. வேட்டைக்காடு தேவைப்படாதவர்கள் நிலத்தை விற்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆயினும், எதிரே இருப்பது ஒரு தேசம் என்ற மதிப்பு அதில் இருந்தது.

1835 டிசம்பரின் நியூ எச்சோட்டா ஒப்பந்தத்தில் அந்த மதிப்பும் இல்லை. மேஜர் ரிட்ஜ் என்ற செரோக்கீ தலைவரின் கீழ் ஒரு சிறு குழுவினர் கையெழுத்திட்டு, 50 லட்சம் டாலருக்கும் மேற்கிலுள்ள நிலத்துக்கும் ஈடாகத் தாயகத்தையே கொடுத்துவிட்டனர். செரோக்கீ மக்களின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பங்களுடன் எதிர்த்தும், அமெரிக்க செனட், தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை மயிரிழையில் எட்டி அதை ஏற்றது.

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்: முதல் ஒப்பந்தம் கேட்டதையெல்லாம் அவர்கள் செய்திருந்தார்கள். உழுதார்கள், சொந்த எழுத்தில் செய்தித்தாளும் அச்சிட்டார்கள். 1838இல் துப்பாக்கி ஏந்திய படைவீரர்கள் வெளியேற்றியது அந்த உழவர்களைத்தான்.