வேலூர் வெயிலுக்கு எது: கிராக்ஸா, தக்கைச் செருப்பா, எம்.சி.ஆரா?

காட்பாடியில் படிக்கும் என் தங்கை மகள் போன வருஷம் ஊதா நிறத்தில் ஒரு கிராக்ஸ் வாங்கி வந்தாள். முன்பக்கம் தவளை வாய் மாதிரி அகலம். மேலெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டைகளில் செருகிய ஒரு பூனை, ஒரு சூரியகாந்தி. பத்து வருஷத்துக்கு முன்னால் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தால் "இன்னாம்மா, ஆஸ்பத்திரிச் செருப்பா?" என்று கேட்டிருப்பார்கள். இப்போது அவள் வகுப்பில் பாதிப் பேர் காலில் அதுதான். மீதிப் பேருக்கு, இரண்டு பக்கிள் வைத்த தக்கைச் செருப்பின் மேல் ஆசை.

நான் பள்ளி ஆசிரியை. பதினேழு வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் வலது குதிகாலில் வலி வந்து குடியேறிவிட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி, முள்மேல் வைத்த மாதிரி இருக்கும். அந்த வலிதான் என்னை இந்த மூன்று செருப்பையும் மாற்றி மாற்றிப் போட வைத்தது. கிராக்ஸை வீட்டில் போட்டேன். துபாயிலிருந்து தம்பி கொண்டு வந்த பிர்கன்ஸ்டாக் கம்பெனித் தக்கைச் செருப்பைப் பள்ளிக்குப் போட்டேன். அம்மாவுக்கு வாங்கும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பில் எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங்கில் இருந்த அப்பாவும் மூன்றையும் புரட்டிப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

கிராக்ஸ் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கியது. முதலில் படகில் போகிறவர்களுக்கான செருப்பு: ஈரத்தில் வழுக்காது, தண்ணீரில் அலசினால் போதும். பிறகு நாளெல்லாம் நிற்கும் நர்ஸுகளும் சமையல்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2010-இல் டைம் பத்திரிகை உலகின் மிக மோசமான 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அதே செருப்பு 2016-இல் லண்டன் ஃபேஷன் மேடையிலும், அடுத்த வருஷம் பலென்சியாகா என்ற ஃபேஷன் கம்பெனியின் பாரிஸ் மேடையிலும் ஏறியது. இன்றைக்கு நம் பெரம்பலூர் மாவட்டம் எறையூரிலேயே தயாராகிறது.

தக்கைச் செருப்பு அதைவிடப் பழையது. பிர்கன்ஸ்டாக் குடும்பத்தில் ஒருவர் செருப்புத் தைப்பவர் என்று ஜெர்மனியில் ஒரு தேவாலயப் பதிவேட்டில் 1774-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதம் போலவே குழிந்த அடித்தளம் வைத்த செருப்பு வந்தது 1963-இல். பிள்ளைகள் கேட்கும் இரண்டு வார் மாடலான அரிசோனா 1973-இல். அமெரிக்காவில் ஹிப்பிகளின் செருப்பு என்றே வெகுகாலம் பெயர். அந்த கம்பெனி 2023-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

மூன்றாவது நம் ஊர்ச் செருப்பு. இதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று எல்லோரும் நம்பிய காலம். காலில் உணர்ச்சி மரத்துப்போனதால் காயம் பட்டது தெரியாமல், அதன் மேலேயே நடந்து நடந்துதான் புண் பெரிதாகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். அப்படியானால் மருந்தோடு செருப்பும் சிகிச்சைதானே? வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் அதற்கான செருப்பைச் செய்து செய்து பார்த்தார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் மேலே, முள்ளும் கல்லும் ஏறாத கெட்டியான சோல் கீழே. அந்த ரப்பர்தான் எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோ செல்லுலர் ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, பசைதான். ஆணி மேலே வந்து குத்தினாலும் மரத்த காலுக்குத் தெரியாதல்லவா? பின்வார் கட்டாயம் வேண்டும், செருப்பு கழன்று விழுந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கும் இதையே டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு யோசித்துச் செய்த செருப்புக்கு வந்தது அவப்பெயர். அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்ததும் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் சர்க்கரைக்காக இதை எழுதிக் கொடுத்தபோது, வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு, பந்தி முடிந்து பஸ் ஏறும் வரை வெறுங்காலோடு நடந்தார். மறுநாள் பெருவிரல் அடியில் ஒரு கொப்புளம். அது ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இனி வெயிலுக்கு வருவோம். கத்திரியில் இங்கே 42, 43 டிகிரி அடிக்கும். நுரைச் செருப்புக்கு அதுதான் எதிரி. லாங்கு பஜாரில் என் பையனுக்கு வாங்கிய போலி கிராக்ஸைக் கழுவி மொட்டை மாடியில் காய வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் ஒரு சைஸ் சுருங்கி, நுனி மேலே வளைந்து கிடந்தது. ஒரிஜினலும் நுரைதான், சூட்டில் அதையும் போட்டு வைக்கக் கூடாது. உள்ளே கால் வியர்த்து நசநசக்கும். ஓட்டை வழியாகப் பொடிக்கல்லும் ஏறும். எனக்கு உறுத்தும், உதறிவிடுவேன். அம்மாவின் காலுக்கு உறுத்தாது. அதனால் கால் மரத்தவர்கள் கிராக்ஸோடு தெருவில் இறங்கவே வேண்டாம் என்பேன். மழை நாளுக்கும், மெஸ், ஹாஸ்டல் குளியலறைக்கும் அதற்கு நிகர் இல்லை. எடை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தக்கை சூட்டைக் கடத்தாது, வியர்வையும் அவ்வளவாகத் தெரியாது. முதல் பத்து நாள் பலகை மேல் நிற்கிற மாதிரி கடினமாக இருந்தது. பிறகு என் பாதத்தின் அச்சே அதில் பதிந்துவிட்டது. நாலாவது பீரியட் முடிந்து உட்காரும்போது வலி பாதிதான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்ததும் உள்பக்க மெத்தைத் தோல் கறுத்து, ஓரத்தில் தக்கை பொடிந்தது. தேய்ந்தால் சோல் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். நம் தெருமுனைச் செருப்பு தைப்பவரிடம் தக்கையும் இல்லை, அந்தப் பசையும் இல்லை. விலையோ, ஒரு ஜோடிக்கு அம்மாவுக்குப் பத்து எம்.சி.ஆராவது வாங்கிவிடலாம்.

அப்பா மூன்றையும் மடியில் வைத்துப் பார்த்த விதம் கண்ணிலேயே நிற்கிறது. கிராக்ஸை இரண்டாக மடித்துவிட்டார்: "பொம்மை மாதிரி வருதும்மா." பிர்கன்ஸ்டாக்கின் வாரைத் திருப்பி, வெட்டின ஓரத்தை நகத்தால் தடவினார். "தோலு நல்ல தோலு. இதை நம்ம ஆம்பூர் ஆளுங்க கண்ணை மூடிக்கினு செய்வாங்க." பிறகு அம்மாவின் பழைய எம்.சி.ஆரை எடுத்து, குதிகால் வரும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. புதுசில் அழுத்தினார், உடனே எழும்பி வந்தது. "எழும்பலைனா ரப்பர் செத்துப்போச்சு, மாத்திடு." எம்.சி.ஆரின் பெரிய குறை அதுதான், சீக்கிரம் அழுந்திவிடும். அம்மாவுக்கு ஏழெட்டு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்திருக்கிறோம். நடை குறைந்தவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வரும்.

என்னைக் கேட்டால், வேலூரில் நின்று வேலை பார்க்கிறவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் எம்.சி.ஆர். தான். சர்க்கரை இருந்தால் கடையில் 'டாக்டர் செருப்பு' என்று சொல்லித் தருவதை நம்பி வாங்காமல், டாக்டரிடம் காலைக் காட்டி அளவு எடுத்து வாங்குங்கள். பாதம் நல்ல நிலையில் இருந்து, பணமும் இருந்து, மழையில் நனையாமல் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் தக்கை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலுக்குள் கிராக்ஸ் போதும்.

போன மாதம் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவசரத்துக்கு அம்மாவின் புது ஜோடியை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனாள். பழுப்பு வார், தடித்த சோல். அவளுக்கு அரை சைஸ் பெரிது. திரும்பி வந்து வாசலிலேயே நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இது எங்க வாங்கின? கருநீலத்துல கிடைக்குமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய துணிப்பையைத் தேடி, கடைச் சீட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.