கவிழ்த்துப் பார்த்து வாங்கிய கார் இருக்கை

பத்து மாதப் பேத்திக்குக் கார் இருக்கை வாங்கச் சென்றோம். விற்பனையாளர் மெத்தையையே அழுத்தி அழுத்திக் காட்டினார். நான் இருக்கையைக் கவிழ்த்தேன். ஆரஞ்சு நிற முத்திரையில் ‘ஆர்129’ என்றிருந்தது. குழந்தை இருக்கைகளுக்கான புதிய ஐ.நா. பாதுகாப்பு விதியின் எண் அது. அதுதான் எனக்கு வேண்டியது. பழைய ஆர்44 விதி குழந்தையின் எடையைப் பார்க்கும். பக்கவாட்டு மோதல் சோதனை அதில் கிடையாது. ஆர்129 உயரத்தைப் பார்க்கிறது, பக்கவாட்டிலும் மோதிப் பார்க்கிறது. 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்நோக்கியே அமர வேண்டும் என்கிறது.

“முன்பக்கம் திருப்பினால் வேடிக்கை பார்க்குமே, ஐயா!” என்றார் அவர். பார்க்கும்தான், திடீர் பிரேக்கில் அந்தச் சின்னக் கழுத்து என்ன ஆகும்?

இருக்கையைக் காரோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ‘டக்’கென்று மாட்டிக்கொள்கிறது. தோள்பட்டை உறை மட்டும் வேர்வையில் ஊறிவிடுகிறது. வாரம் ஒருமுறை துவைக்கிறேன்.