உலோகக் கூரையா, துணிக்கூரையா: திறந்த காரின் இரு வழிகள்

கூரை திறக்கும் கார்களில் மடங்கும் உலோகக் கூரையையும் துணிக்கூரையையும் எடைபோட்டுப் பார்க்க பி.எம்.டபிள்யூ 4 சீரிஸைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. 2013இல் வந்த தலைமுறைக்கு மூன்று துண்டுகளாக மடங்கும் உலோகக் கூரையைக் கொடுத்த அதே நிறுவனம், 2020இல் அறிமுகமான அடுத்த தலைமுறையில் துணிக்குத் திரும்பியது.

மூடியிருக்கும்போது உலோகக் கூரை தரும் நிம்மதி உண்மையானது. காற்றிரைச்சல் குறைவு, பின்கண்ணாடி அகலம், தெருவோரம் நிறுத்தினாலும் கத்தியால் கிழிபடும் அச்சம் இல்லை. பல அடுக்குகளும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட இன்றைய துணிக்கூரைகள் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டாலும், ஆண்டு முழுவதும் மழையிலும் பனியிலும் வெளியே நிற்கும் காருக்கு நான் இன்னமும் உலோகத்தையே பரிந்துரைப்பேன்.

விலை கொடுக்க வேண்டியது கூரையைத் திறக்கும்போதுதான். விறைப்பான தகடுகளைத் துணியைப்போலச் சுருட்ட முடியாது. அவை அடுக்காகப் பின்புற டிக்கிக்குள் இறங்குகின்றன. பழைய 4 சீரிஸில் 370 லிட்டராக இருந்த டிக்கி, கூரை திறந்ததும் 220 லிட்டராகச் சுருங்கியது. துணிக்கூரை வண்டியில் 385 லிட்டர் 300 ஆகக் குறைவதோடு நின்றுவிடுகிறது. கூரையின் எடையும் அதனுடன் பின்னோக்கி நகர்கிறது. புதிய துணிக்கூரை பழைய உலோகக் கூரையைவிட 40 சதவீதம் எடை குறைந்தது என்பது நிறுவனமே சொன்ன கணக்கு.

அதிகம் பேசப்படாத குறை, வடிவமைப்பில் இருக்கிறது. டிக்கியில் அடங்கும் அளவுக்குக் கூரைத் துண்டுகள் குட்டையாக இருக்க வேண்டும் என்பதால், முன்கண்ணாடியின் மேல்விளிம்பை ஓட்டுநரின் தலையை நோக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. பெஜோ 206 சிசியில் கூரை திறந்திருந்தும் தலைக்கு மேலே சட்டம் நீண்டு வருவது இதனால்தான். திறந்த வானத்துக்காகவே வாங்கும் காரில் இதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். ஃபோக்ஸ்வாகன் இயோஸ் கூரையை ஐந்து துண்டாக்கி இதைச் சமாளித்தது. துண்டுகள் பெருகினால் மூட்டுகளும் ரப்பர் சீல்களும் பெருகும்.

1957 முதல் 1959 வரை மட்டுமே விற்ற ஃபோர்டு ஸ்கைலைனர் தொடங்கி, இந்த உத்தியை 1996இல் மீண்டும் பரவலாக்கிய மெர்சிடிஸ் எஸ்.எல்.கே வரை, சிக்கலான இயக்கமுறை இவ்வகைக் கார்களை விட்டு அகலவே இல்லை. மெர்சிடிஸும் இரு தலைமுறை உலோகக் கூரைக்குப் பின் 2021இல் தன் எஸ்.எல் காரைத் துணிக்கு மாற்றிக்கொண்டது. விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது 2006இல் உலோகக் கூரை பெற்ற மஸ்தா எம்எக்ஸ்-5: இருக்கைகளுக்குப் பின்னுள்ள குழியிலேயே கூரை அடங்குவதால் டிக்கி துளியும் குறையவில்லை.

பழைய வண்டி வாங்குவோருக்கு இந்த வேறுபாடு செலவாகவே வந்து நிற்கும். நைந்த துணியை மாற்ற ஆகும் தொகையை முன்கூட்டியே கேட்டறியலாம். பாதியில் நின்றுவிட்ட உலோகக் கூரையிலோ பழுது ஹைட்ராலிக் பம்ப்பிலா, சென்சாரிலா, வயரிலா என்று கண்டுபிடிக்கவே பணம் கரையும். ஆகவே உலோகக் கூரை வண்டியானால் பலமுறை திறந்து மூடிப் பார்த்து, டிக்கியின் அடிவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.