ஆறாம் வகுப்பு ஆர்கெஸ்ட்ரா: வயலினா, வயோலாவா, செல்லோவா, டபுள் பாஸா?

அமெரிக்காவில் பிள்ளை மிடில் ஸ்கூலுக்குப் போகும் சமயத்தில் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். பேண்டா (ஊதும் வாத்தியங்கள், டிரம்), ஆர்கெஸ்ட்ராவா (வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியங்கள்), கொயரா (சேர்ந்து பாடுவது)? ஆர்கெஸ்ட்ரா என்று டிக் அடித்தால் அடுத்த கேள்வி, எந்த வாத்தியம்? நம் வீடுகளில் பெரும்பாலும் யோசிக்காமலே வயலின் என்று எழுதிவிடுவோம். கச்சேரி மேடையில் பார்த்துப் பழகியது, விலை கட்டுப்படியாகும், பையோடு பையாகத் தூக்கிப் போகலாம். மற்ற மூன்றையும், அதாவது வயலினை விடக் கொஞ்சம் பெரிய வயோலா, உட்கார்ந்து வாசிக்கும் செல்லோ, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பாஸ் ஆகியவற்றைப் பற்றிப் பலருக்கு அதிகம் தெரியாது. என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாகத் தொடங்கப்போகும் பிள்ளைக்கு என் ஓட்டு செல்லோவுக்கு. வயலின் மோசம் என்பதால் அல்ல, அந்த வகுப்பு நடக்கும் விதம் அப்படி.

ஒரு டீச்சர், முப்பது பிள்ளைகள் இருக்கலாம், நான்கு வாத்தியங்கள், ஒரே அறை. டெக்சாஸ் போன்ற இடங்களில் இது பள்ளி நேரத்திலேயே ஒரு பாடவேளையாக நடக்கிறது. நான்கு வாத்தியங்களுக்கும் பொதுவான தந்திகள் மூன்றுதான்: ஜி, டி, ஏ. வயலினுக்கு இவற்றின் மேலே ஒரு ஈ தந்தி. வயோலாவுக்கும் செல்லோவுக்கும் கீழே ஒரு சி. டபுள் பாஸுக்கு ஈ தந்தி கீழே இருக்கிறது. அதனால்தான் தொடக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் டி தந்தியில் ஆரம்பித்து டி மேஜர் ஸ்கேலுக்கு (டி-யில் தொடங்கும் ஸ்வர வரிசை) போகின்றன. முதல் சில மாதங்கள் எல்லாரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் திருத்த ஒரு வகுப்பில் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். யாருக்குக் கை தானாகவே சரியாக அமைகிறதோ அவர்கள் முன்னே போவார்கள்.

இங்கேதான் வயலின் கஷ்டப்படுத்துகிறது. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வாத்தியத்தைப் பிடித்து, இடது கையை உள்பக்கமாகத் திருப்பி, வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) இணையாக ஓட்ட வேண்டும். இவற்றில் எதுவும் உடம்புக்கு இயல்பான நிலை இல்லை. தனி வகுப்பில் ஆசிரியர் வாரக்கணக்காக இதை மட்டுமே பார்த்துத் திருத்துவார். முப்பது பேர் வகுப்பில் மணிக்கட்டு மடங்கி வயலினின் கழுத்தில் சாய்ந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டு வருடம் கழித்து அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. செல்லோவில் நாற்காலியின் முன்விளிம்பில் நேராக உட்கார்ந்து, வாத்தியத்தை மார்பில் சாய்த்து, கையைத் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய சரியான இடத்துக்கே வந்து நிற்கும். விரல் விழும் இடத்தை எட்டிப் பார்த்துச் சரிசெய்வதும் சுலபம்.

இன்னொன்று வெறும் கணக்கு. முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 செ.மீ. முதல் அரை ஸ்வரத்துக்கு விரல் நகர வேண்டிய தூரம் 18 மில்லிமீட்டர் போல வரும். செல்லோவின் தந்தி சுமார் 69 செ.மீ., அதே தூரம் அங்கே ஏறக்குறைய 39 மில்லிமீட்டர். விரல் 2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் வயலினில் அரை ஸ்வரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அபஸ்வரம், செல்லோவில் இருபதில் ஒரு பங்குதான். பதினொரு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முழு அளவை விடச் சிறிய வாத்தியத்தில் தொடங்குவதால் இடைவெளிகள் இன்னும் குறையும், ஆனால் விகிதம் அப்படியேதான் இருக்கும். வீட்டில் தினமும் கேட்கப்போவது நீங்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தொடக்கநிலை செல்லோ உறுமும், தொடக்கநிலை வயலினின் ஈ தந்தி கீச்சிடும். உறுமலைச் சகித்துக்கொள்ளலாம்.

அப்புறம் போட்டி. வயலின் வரிசையில் ஐந்து வயதிலிருந்து சுசுகி முறையில் (சின்ன வயதிலேயே கேட்டுக் கேட்டுப் பழகும் முறை) கற்றுவரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேராவது இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகத் தொடங்கும் பிள்ளை நன்றாகவே வாசித்தாலும் பின்வரிசையில்தான் உட்காரும். அதில் தவறில்லை, ஆனால் சில பிள்ளைகளுக்கு அதிலேயே ஆர்வம் வற்றிவிடுகிறது. இரண்டாம் வயலின் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் உண்டு. அது தனிப் பகுதி, தரவரிசை இல்லை. சொல்லப்போனால் தாளத்தில் உறுதியான பிள்ளைதான் அங்கே வேண்டும்.

செல்லோவுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் வருடத்தில் ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்கிய ஸ்வரம்) சேர்ந்த பாட்டுகள் வரும்போது, செல்லோவில் முதல் விரலைப் பின்னால் நீட்டி வைக்க வேண்டியிருக்கும். சிறிய கைக்கு அது வலிக்கும். வயலினில் அதே வேலை விரலைக் கொஞ்சம் நகர்த்தினாலே முடிந்துவிடும். சில பாட்டுகளில் செல்லோவுக்குச் சுவாரசியமும் குறைவு. பள்ளிகளில் அடிக்கடி வாசிக்கப்படும் பாகேல்பெல் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ‘கேனன்’ பாட்டின் மூலத்தில் செல்லோ பகுதி வெறும் எட்டு ஸ்வரங்கள், அவையே 28 முறை. செல்லோக்காரர்கள் அதைப் பற்றி அடிக்கும் ஜோக்குகளுக்கு முடிவே இல்லை.

தூக்கிப் போவதுதான் பெரிய தலைவலி. பள்ளிப் பேருந்தில் மடியில் அடங்காத பொருளை ஏற்ற விடாத பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஆனால் பல பள்ளிகள் செல்லோவையும் டபுள் பாஸையும் தாங்களே வைத்திருக்கின்றன. பிள்ளை பள்ளியில் ஒன்றை வாசிக்கும், வீட்டில் வாடகைக்கு எடுத்த இன்னொன்று இருக்கும். படிவத்தில் டிக் அடிக்கும் முன் இதை மட்டும் டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். பள்ளியில் செல்லோ இல்லை, வீட்டில் காரும் ஒன்றுதான் என்றால் நான் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு வயலினுக்கோ வயோலாவுக்கோ போகலாம்.

பணம்: வயலின் வாடகை மாதம் சுமார் 20 முதல் 30 டாலர், செல்லோ ஏறக்குறைய அதற்கு இரட்டிப்பு. பிள்ளை வளர வளர அளவு மாறும் என்பதால் மிடில் ஸ்கூல் முடியும்வரை வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஆன்லைனில் எண்பது டாலருக்குக் கிடைக்கும் வயலினைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) நிற்காது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கும், பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

வயோலாவைப் பற்றி நம்மில் பேசுவதே இல்லை. வயலினைப் போலவே பிடிப்பது, விரல் முறையும் அதேதான். சுருதி மட்டும் ஐந்து ஸ்வரம் கீழே. அந்த அடர்த்தியான சத்தத்துக்கு உடல் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு பெரிதாக்கினால் தோளில் வைக்க முடியாது. இந்தச் சமரசத்தில் பிறந்ததுதான் வயோலாவின் கொஞ்சம் மூக்கடைத்த, கனத்த குரல். சிறுவர்களுக்கான 13, 14 அங்குல வயோலாக்களில் சி தந்தி ரொம்பவே மங்கலாக ஒலிக்கும், முதல் வருடம் ஏமாற்றமாக இருக்கலாம். நொட்டேஷனும் ஆல்ட்டோ கிளெஃபில் வரும் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிதான் கிளெஃப்). பியானோ படித்த பிள்ளைக்கு வயலினின் ட்ரெபிளும் செல்லோவின் பாஸ் கிளெஃபும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆல்ட்டோ தெரியாது. ஆனால் சில மாதங்களில் பழகிவிடுகிறது, அதை நான் பெரிய தடையாக எண்ணமாட்டேன். வயோலா வாசிக்க ஆள் எப்போதும் குறைவு. ஓரளவு நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கே யூத் ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

டபுள் பாஸ் உயரமான பிள்ளைக்கு மட்டும் என்பது பொய். கால், அரை அளவு பாஸ்கள் இருக்கின்றன, பெரியவர்கள் வாசிப்பதே பெரும்பாலும் முக்கால் அளவுதான். உண்மையான சிரமம் வேறு. இதன் தந்திகள் நான்கு ஸ்வர இடைவெளியில் இருப்பதால், மற்றவர்கள் கையை நகர்த்தாமலே டி மேஜர் ஸ்கேல் வாசிக்கும்போது பாஸ் பிள்ளை மட்டும் கடைசி இரண்டு ஸ்வரத்துக்குக் கையைக் கீழே இறக்க வேண்டும். தந்தியும் தடிமன், விரல் நுனி சில வாரம் எரியும். ஆனால் பேஸ் கிட்டாரின் தந்திகளும் இதே ஈ, ஏ, டி, ஜி. ஜாஸ் பேண்டில் சேர ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கடைசியாக, ஏற்கெனவே கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகள். நம் இசைக்குள் வயலின் வந்து இருநூறு வருடம் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து அதைத் தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் நுனியில் உள்ள சுருளைக் காலில் தாங்கி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டி வாசிக்கிறோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை கமகத்துக்குத் தாராளமாக வழுக்கிப் போகலாம். ஆர்கெஸ்ட்ராவில் அந்த வழுக்கலே தவறு. ஒவ்வொரு ஸ்வரமும் விரல் வைத்த இடத்தில் நிற்க வேண்டும், வில்லும் வரிசையில் எல்லாருக்கும் ஒரே திசையில் போக வேண்டும். ஒரே வாத்தியத்தில் இரண்டு பழக்கங்களையும் வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. ஆனால் பள்ளிக்கு வயோலாவோ செல்லோவோ எடுத்தால் கைக்கும் காதுக்கும் குழப்பம் குறையும் என்பது என் எண்ணம். வயோலா நம் இசைக்கு அந்நியமும் அல்ல, பாலமுரளிகிருஷ்ணாவே அதில் தேர்ந்தவர்.

இல்லை, பள்ளிக்கும் வயலின்தான் என்று முடிவெடுத்தால் பாட்டு வகுப்புக்கு வேறொரு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே வைத்துக்கொண்டு பாட்டு வகுப்புக்காகச் சுருதியைச் சனிக்கிழமை இறக்குவதும் பள்ளிக்காகத் திங்கட்கிழமை ஏற்றுவதுமாக இருந்தால் ஈ தந்தி சீக்கிரம் அறும், குதிரை முன்னால் சாயும், வாரத்தின் முதல் வகுப்பில் பாதி நேரம் டீச்சர் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார்.